பிரிகானாவும் மாக்கியும்: குறுந்தூறு, நெடுந்தூறு

அன்புள்ள நண்பர்களுக்கு,

மத்தியதரைக் கடலோரத்துப் புதர்நிலங்களான பிரிகானா (phrygana), மாக்கி (maquis) இரண்டுக்கும் நம் சொற்பட்டியலில் தமிழ்ப்பெயர் வைப்பது பற்றி நீங்கள் எழுதிக் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

> பிரிகானாவை முட்புதர்க்காடு என்றே எழுதிவிடலாமே?

வேண்டாம் என்பேன். அது தக்காணத்து வறண்ட காடுகளுக்கு நாம் ஏற்கெனவே பட்டா போட்டுக் கொடுத்த பெயர். தவிர, சைப்ரஸின் அக்காமஸ் தீபகற்பத்தில் பறவையும் காட்டுப்பூவும் காட்ட அழைத்துச் செல்கிறவர்கள் ஒரே நடையில் இரண்டு நிலங்களைக் கடக்கிறார்கள். முழங்கால் உயரத்தில் நிற்பது பிரிகானா. ஆளை மறைப்பது மாக்கி. நமக்கு இணைச்சொற்கள் தேவை.

முள்ளை வைத்துப் பெயரிடுவதிலும் சிக்கல் உண்டு. பிரிகானாவில் முட்செடி இல்லாமல் இல்லை. சார்கோபோட்டேரியத்தின் கிளைகள் கோணல்மாணலாகப் பின்னி, நுனியெல்லாம் முள்ளாகி, கவிழ்த்த கூடை போலத் தரையோடு கிடக்கும். ஆனால் பக்கத்திலேயே நிற்கும் தைமுக்கும் சிஸ்டஸுக்கும் முள் கிடையாது. சிஸ்டஸின் இளஞ்சிவப்பு இதழ்கள் கசங்கலாகவே விரிந்து ஒரே நாளில் உதிர்ந்துவிடும். இவற்றை ஒன்றுசேர்ப்பது தாழ்ந்த உயரமும் கோடை வறட்சியும்தான். மழை குளிர்காலத்தில் பெய்கிறது. வெயில் ஏறும்போது பல செடிகள் பெரிய இலைகளை உதிர்த்துவிட்டுச் சிறு இலைகளோடு காலம் தள்ளுகின்றன. பூ பார்க்கப் போகிறவர்கள் மார்ச், ஏப்ரலில் போவது அதனால்தான்.

> குறுங்காடு?

நல்ல சொல்தான். ஆனால் சிறு இடத்தில் மரங்களை நெருக்கமாக நட்டுக் காடு வளர்க்கும் மியாவாக்கி முறைக்காரர்கள் முந்திக்கொண்டார்கள்.

என் பரிந்துரை 'தூறு'. அடர்ந்த புதருக்கு நம்மிடம் ஏற்கெனவே உள்ள சொல். பிரிகானா குறுந்தூறு, மாக்கி நெடுந்தூறு. சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கத் தாவரவியலாளர் தியோபிராஸ்டஸ் தாவரங்களை மரம், புதர், பிரிகானோன், பூண்டு (மென்தண்டுச் செடி) என நான்காகப் பகுத்தார். புதருக்கும் பூண்டுக்கும் நடுவே நிற்கும் அந்த மூன்றாம் வகைக்குக் 'குறு' என்ற அடை பொருந்துகிறது.

> தூற்றுவெளி என்றால் நிலத்தையும் குறிக்குமே?

குறிக்கும். படிப்பவர் பழிதூற்றும் மைதானம் என்றும் நினைப்பார்.

வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம்: "சைப்ரஸில் மட்டுமே இனப்பெருக்கம் செய்யும் சைப்ரஸ் கதிர்க்குருவியைக் குறுந்தூற்றில் தேடுங்கள், ஆண்பறவையின் மார்பில் கரும்புள்ளிகள் இருக்கும்." எனக்கு இடறவில்லை.

மால்ட்டாவின் சுண்ணாம்புப் பாறைமேல் வளரும் தாழ்புதர்க் கூட்டமான காரிக்கையும் (garrigue) குறுந்தூறு என்றே சொல்லலாம். கலிபோர்னியாவின் சாப்பரல், தென்னாப்பிரிக்காவின் ஃபின்போஸ் என்ற புதர்நிலப் பெயர்கள் இரண்டும் அந்தந்த ஊரோடு ஒட்டிய பெயர்கள், ஒலிபெயர்த்தே வைத்துக்கொள்வோம். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். திங்களன்று பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.