பிரியெடோரில் தீர்ப்பு வந்தது. நீதி வந்ததா?

வேலிப்பூ:
"முன்னாள் யூகோஸ்லாவியப் போர்க்குற்றங்களை விசாரித்த ஐ.நா.வின் ஹேக் தீர்ப்பாயம் 161 பேர் மீது குற்றம் சாட்டி 90 பேருக்குத் தண்டனை கொடுத்தது, போஸ்னியாவுக்கு நீதி கிடைத்துவிட்டது" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். என்னால் ஏற்க முடியவில்லை. போஸ்னிய முஸ்லிம்களும் செர்பியர்களும் குரோவாசியர்களும் அக்கம்பக்கமாக இருந்த வடமேற்கு போஸ்னிய ஊர் பிரியெடோர். போரில் அதைச் செர்பியப் படை பிடித்தது. 1992 மே 31 அன்று, செர்பியர் அல்லாதவர்கள் வீட்டில் வெள்ளைத் துணி தொங்கவிட வேண்டும், கையில் வெள்ளைப் பட்டி கட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அப்புறம் அவர்களை அடைத்த ஒமார்ஸ்கா, கெராடெர்ம், திர்னோபோல்யே முகாம்கள். 3,000க்கும் மேற்பட்டோர் செத்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். இறந்தவர்களில் 102 பேர் குழந்தைகள். திர்னோபோல்யே முகாம் இருந்த இடத்துக்கு முன்னால் எழுப்பியது யாருக்கான நினைவுச்சின்னம் தெரியுமா? செர்பியப் போர்வீரர்களுக்கு. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களோ அந்த 102 பேருக்கு ஒரு சின்னம் கேட்டு ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள்.

நெய்தல்:
நேற்று எழுதியவன் நான்தான். சின்னம் வைக்க மறுத்தது அந்த ஊர் நிர்வாகம், நீதிமன்றம் அல்ல. ஹேக்கில் முதலில் முழு விசாரணைக்கு நின்ற தூஷ்கோ தாதிச், பக்கத்துக் கொசாரட்ஸில் காபிக்கடை வைத்திருந்தவர். தனக்குக் காபி ஊற்றியவரைக் கூண்டில் பார்த்துச் சாட்சி சொல்ல முடிந்ததே, அது சின்ன விஷயமா? ஒமார்ஸ்காவில் அடைபட்ட பெண்களில் ஒருவர் பிரியெடோர் நீதிபதி. அவர்கள் வாய் திறக்காவிட்டால் அங்கே நடந்த வன்புணர்வு எந்தப் பதிவிலும் ஏறியிருக்காது.

வேலிப்பூ:
அந்தத் தாதிச் 2008இல் வெளியே வந்துவிட்டார். போஸ்னிய செர்பியத் தலைவர்களில் ஒருவரான பில்யானா பிளாவ்ஷிச் குற்றத்தை ஒப்புக்கொண்டு 11 ஆண்டு வாங்கினார், 2009இல் விடுதலை. ஒப்புக்கொண்டதே மற்றக் குற்றச்சாட்டுகளிலிருந்து தப்பத்தான் என்று பேட்டியும் கொடுத்தார். 2013இல் பிரியெடோர் அருகே தொமாஷித்சாவில் களிமண்ணுக்கு அடியில் 400க்கும் மேற்பட்ட உடல்கள் கிடைத்தன. இருபத்தொரு ஆண்டு! அத்தனை பேரைப் புதைக்க லாரி ஓட்டியவன், மண் தள்ளியவன் எல்லாம் அதே வட்டாரத்தில்தானே இருந்திருப்பான்? ஒருவன் முன்னாடியே வாயைத் திறந்திருந்தால், எத்தனையோ தாய்மார் மகனைப் புதைத்துவிட்டுக் கண்மூடியிருப்பார்கள்.

காவேரிக்கரை:
செர்பியர்களின் இழப்பையும் பேசுங்கள். 1942இல் அதே கொசாரா மலையடிவாரத்திலிருந்து ஆயிரக்கணக்கான செர்பியர்களை, குரோவாசிய பாசிஸ்டுகள் நடத்திய யாசெனோவாட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பினார்கள். 1992இல் போஸ்னிய முஸ்லிம், குரோவாசியப் படைகள் நடத்திய செலெபிச்சி முகாமில் சித்திரவதைப்பட்டதும் செர்பியர்கள்தான்.

நெய்தல்:
சரி, பேசுவோம். செலெபிச்சிக்காக ஒரு குரோவாசியரையும் இரண்டு போஸ்னிய முஸ்லிம்களையும் தண்டித்தது இதே தீர்ப்பாயம்தான். எல்லா இனத்துக்கும் ஒரே தராசு வைக்க வெளியிலிருந்து ஒரு நீதிமன்றம் வேண்டியிருந்தது. ஆனால் 1942ஐக் காட்டி 1992ஐ மூடாதீர்கள் ஐயா. அந்த 102 பிள்ளைகளில் ஒன்றுகூட 1942இல் பிறந்திருக்கவில்லை.

வட்டக்கச்சியான்:
நெய்தல் அண்ணா, வேலிப்பூ அக்கா, நீங்கள் இரண்டு பேரும் கையில் இருப்பதை வைத்துச் சண்டை பிடிக்கிறீர்கள். போஸ்னியாவில் சொந்தக்காரர் ஒரு துளி இரத்தம் கொடுத்தால், மரபணுவை எலும்போடு ஒப்பிட்டுப் பெயர் சொல்கிறார்கள். எங்கட அம்மாமார் 2017 தொடக்கம் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரம் இருந்து பிள்ளைகள் எங்கே என்று கேட்கிறார்கள். என் பெரியம்மாவும் அதில் ஒருவர், வயது 74. மகனின் பள்ளிக்கூடப் படத்தை நெகிழிப் பைக்குள் போட்டு மடியில் வைத்திருப்பார். அவரின் இரத்தத்தை இதுவரை ஒருவரும் வந்து எடுக்கவில்லை.