பொருள்: மின்னல் அளக்கும் வளையத்துக்குத் தமிழ் (வெள்ளிக்கு முன் வேண்டும்)

கிளிநொச்சி:
வணக்கம். உயர்தர பௌதிகவியல் பிள்ளைகளின் கண்காட்சிப் பதாகை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. விமானத்தில் மின்னல் பாயும்போது அந்த மின்னோட்டத்தை அளக்க நடுவில் அம்பியர்மானி செருக முடியாது. அதனால் சின்னக் கம்பி வளையங்களைப் பொருத்துகிறார்கள். ஓட்டம் உண்டாக்கும் காந்தப்புலம் மாறும் வீதத்துக்கேற்ப வளையத்தில் மின்னழுத்தம் தூண்டப்படும். அதைத் தொகையிட்டால் புலம், புலத்திலிருந்து மின்னோட்டம். 1980களில் நாசா ஓர் எஃப்-106 விமானத்தை இப்படியான உணரிகளோடு வேண்டுமென்றே இடிமுகிலுக்குள் விட்டு 714 தடவை மின்னலடி வாங்க வைத்தது. இந்த வளையத்துக்குத் தமிழில் 'புலமாற்று உணரி' சரியா?

புதுக்குடியிருப்பு:
சேர், வேண்டாம். எங்கள் பக்கம் புலம் மாறுவது என்றால் மூட்டை கட்டுவதுதான். நிவாரணப் படிவம் என்று நினைப்பார்கள்.

மல்லாவி:
தம்பி, நீங்கள் 'மின்னல் பாயும்' என்றதே ஊனம். சங்கப் புலவர்கள் இடியை உரும், உருமேறு என்றார்கள். எறி என்பதே ஏறு: கல்லேறு, கண்ணேறு. (நாங்கள் கண்ணூறு ஆக்கிவிட்டோம்.) ஆகவே உருமேற்றுமானி.

வவுனியா:
ஐயா, அதைக் கேட்டால் பூசாரிக்கு உருவேறுவதை அளக்கும் கருவி போலிருக்கிறது! அதோடு உரும் என்பது முழக்கம். வளையத்துக்குக் காது கிடையாது.

அறிவியல் நகர்:
நாங்கள் 'பி-டொட்' என்றுதான் சொல்கிறோம். பி காந்தப்புலம், தலைக்கு மேல் புள்ளி வைத்தால் நேரத்தோடு அது மாறும் வீதம். நியூட்டன் குறியீடு. 'பி-புள்ளி' என்றால் என்ன?

மல்லாவி:
ஆகா! 'மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல்.' ஆனால் பாருங்கள், தொல்காப்பியர் புள்ளி உயிரை விலக்கி எழுத்தை நிறுத்துகிறது; நியூட்டன் புள்ளி நின்றதை ஓடவைக்கிறது. பிள்ளைகள் குழம்பமாட்டார்களா? இன்னொன்று, 'பி' தமிழா?

வவுனியா:
பதாகைக்கு வருவோம். 'காந்தமாறல் வளையம்'. மாறலும் இருக்கிறது, வளையமும் கண்ணுக்குத் தெரிகிறது.

புதுக்குடியிருப்பு:
காந்தமே மாறுவது போல இருக்கிறது. சரி, இருக்கட்டும்.

கிளிநொச்சி:
அச்சகத்தார் இரண்டு தரம் கோல் எடுத்துவிட்டார். 'காந்தமாறல் வளையம்' என்றே அனுப்பிவிட்டேன். அடைப்புக்குள் பி-டொட். மல்லாவி ஐயா மன்னிக்க வேண்டும்.

மல்லாவி:
அனுப்புங்கள். ஆனால் நான் உடன்படவில்லை. நேற்றுப் பின்னேரம் எங்கள் வளவுப் பனையின் வட்டு கருகிப்போனது. வேலியால் எட்டிப் பார்த்த சனம் முழுக்க 'இடி விழுந்திட்டுது' என்றுதான் சொன்னது. ஒருவரும் மின்னல் என்று சொல்லவில்லை.