மறு: ‘தொலோரெஸ்’ வகைப் பெயர்களுக்குக் கலைச்சொல் – ‘மரியாகுபெயர்’ சரிவருமா?

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம். இயேசுவின் தாய் மரியாளின் அடைமொழிகளிலிருந்து வந்த ‘தொலோரெஸ்’ போன்ற பெண்பெயர்களுக்குத் தமிழில் ஒரு கலைச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். நான் முன்வைப்பது ‘மரியாகுபெயர்’. வந்த மறுமொழிகளுக்கு என் பதில் இது.

> ‘மாதா பட்டப்பெயர்’ என்றே வைத்துவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

ஐயா, புரியும், ஆனால் வேறு மாதிரிப் புரிந்துவிடும். பட்டப்பெயர் என்றதும் ஊரில் கேலியாகக் கூப்பிடும் பெயர்தான் நினைவுக்கு வரும். நாம் பேசுவதோ ஞானஸ்நானத்தில் சூட்டி, பதிவேட்டில் எழுதும் முழுப்பெயரை. அதனால் எனக்கு மனம் ஒப்பவில்லை.

முதலில் பெயர்களைப் பாருங்கள். ஸ்பானிய மொழியில் தொலோரெஸ் என்றால் துயரங்கள், நியேவெஸ் என்றால் பனி, பிலார் என்றால் தூண், ரொசாரியோ என்றால் செபமாலை, கொன்சுவேலோ என்றால் ஆறுதல். எல்லாமே பெண்களின் பெயர்கள். பெண்ணுக்குத் தூண் என்றா பெயர் வைப்பார்கள் என்று தோன்றும். முழு வடிவம் ‘மரியா தெல் பிலார்’, அதாவது தூண்மேல் நின்ற மரியா. ஸ்பெயினின் சரகோசா நகரில் இயேசுவின் சீடர் யாகப்பருக்கு மரியாள் ஒரு தூணின்மேல் காட்சி தந்ததாக மரபு. அக்டோபர் 12 அங்கே திருவிழா. காலப்போக்கில் ‘மரியா’ உதிர்ந்து, அடைமொழி மட்டுமே பெயராக நின்றுவிட்டது.

இந்த உதிர்வைக் கவனிக்காவிட்டால் இலக்கணமே குழப்பும். ஸ்பானியத்தில் ‘ஓ’வில் முடியும் சொல் பெரும்பாலும் ஆண்பால். ரொசாரியோவும் கொன்சுவேலோவும் ஆண்பால் சொற்களே, பிலாரும் அப்படித்தான். தொலோரெஸ், மெர்செதெஸ் (இரக்கங்கள்), நியேவெஸ் மூன்றும் பன்மை. மெக்சிகோ எழுத்தாளர் ரொசாரியோ காஸ்தெயானோஸை (1925–1974) நான் ஒருமுறை ஆண் எழுத்தாளர்கள் பட்டியலில் சேர்த்துவிட்டேன். பல மாதம் கழித்துத்தான் கண்ணில் பட்டது. இப்படிப்பட்ட தவறைத் தடுக்கவாவது இந்த வகைக்கு ஒரு தனிச்சொல் வேண்டும்.

> ‘அடைமொழிப் பெயர்’ போதாதா?

அக்கா, இது நெருங்கி வருகிறது. ஆனால் மரியாள் எங்கே? எந்த அடைமொழிக்கும் இது பொருந்தும். தவிர, ஒன்றின் பெயர் அதோடு தொடர்புடைய இன்னொன்றுக்கு ஆகிவருவதைச் சொல்ல நம் இலக்கணத்தில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: ஆகுபெயர். ‘வெற்றிலை நட்டான்’ என்றால் நட்டது கொடியைத்தான். ‘துயரங்கள்’ என்றால் துயருற்ற அன்னை. குவாதலூப்பே, மொன்செராத், போர்த்துகீசியரின் ஃபாத்திமா ஆகியவை மாதா திருத்தலங்களின் பெயரால் வந்த இடவாகுபெயர்கள். அசுன்சியோன் (விண்ணேற்பு) தொழிலாகுபெயர். எனவே மரி + ஆகுபெயர் = மரியாகுபெயர். யகரம் உடம்படுமெய்யாக வந்து தானாகவே சேர்ந்துகொள்கிறது. ‘மரி’ தமிழ்க் கிறித்தவர்களிடம் பழகிய வடிவம்தான்.

அன்னைக்கு ஆனது ஆகுபெயர், குழந்தைக்கு ஆனது இன்னொரு படி, ஆகவே இருமடியாகுபெயர் அல்லவா என்று கேட்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குழந்தைக்கு வைப்பது வெறும் பெயரிடல். சொல்லின் பொருள் மாறுவது முதல் படியில்தான்.

இந்த வகை நமக்கு அயலானதும் அல்ல. வியாகுலமேரி, செபமாலைமேரி, அமலோற்பவமேரி, சகாயமேரி என்று பெயர் கொண்ட அக்காமார் நமக்கு உண்டு. மேரியை விட்டுவிட்டு ‘வியாகுலம்’, ‘அமலோற்பவம்’ என்று மட்டும் அழைப்பதும் உண்டு. தொலோரெஸ், கொன்செப்சியோன் (உற்பவம்) என்பவற்றுக்கு அச்சாக இவையே தமிழ். தூத்துக்குடியின் பனிமய மாதாவும் ஸ்பானியர்களின் நியேவெஸும் ஒரே அன்னைதான். அந்த வணக்கம் முத்துக்குளித்துறைக்குப் போர்த்துகீசியர் வழியாக வந்தது. ஆகவே இந்தக் கலைச்சொல் உள்ளூர்ப் பெயர்களை ஆராய்பவர்களுக்கும் உதவும். எனக்கு இதுவே பெரிய காரணம்.

லோலா (தொலோரெஸ்), சாரோ (ரொசாரியோ), கொன்ச்சா (கொன்செப்சியோன்) போன்றவற்றுக்குப் புதுச்சொல் வேண்டாம். செல்லப்பெயர் போதும்.

போர்த்துகீசியத்தில் ஒரு வேறுபாடு உண்டு. ‘மரியா தாஸ் தோரெஸ்’, ‘மரியா தா கொன்செய்சாவ்ங்’ என்று மரியாவோடு சேர்த்தே சூட்டுவது அங்கே பரவலான வழக்கம். அப்படி முழுதாக நிற்பதை ஆகுபெயர் என்பது பொருந்தாது. அதை ‘மரியடைப் பெயர்’ என்றும், மரியா உதிர்ந்ததை மட்டும் ‘மரியாகுபெயர்’ என்றும் பிரித்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒரு முடிச்சு இன்னும் அவிழவில்லை. பிரேசிலில் அப்பரெசிதா என்ற பெயர் உண்டு; ‘தோன்றியவள்’ என்று பொருள். 1717-இல் பரைபா ஆற்றில் மீனவர் வலையில் சிக்கிய மாதா சுரூபத்திலிருந்து வந்தது. ஸ்பானியத்தின் இன்மாகுலாதாவும், அதாவது மாசற்றவள், இப்படியே. ‘தோன்றியவள்’ வினையாலணையும் பெயர். அதை ஆகுபெயர் என்று இலக்கணம் ஒப்பாது. இவற்றை மரியடைப் பெயரில் வைப்பதா, தனி வகையாக்குவதா? இலக்கணம் நன்கறிந்த ஐயாமார் ஒரு வழி சொல்லுங்கள். அதுவரை என் சொற்பட்டியலில் இந்த இரண்டு பெயர்களுக்கும் எதிரே இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

அன்புடன்.