கொரோனா காலத்து வீடியோ டாக்டர்: திருப்தியா, வேறு வழி இல்லாததா?

ராயபுரம் மகள்:
2020 மே, ஜூன் மாதங்களில் சென்னையிலேயே எங்கள் ராயபுரம் மண்டலத்தில்தான் தொற்று அதிகம். தெருமுனையில் தகர அடைப்பு. அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி நடந்து போகிற தூரம்தான். ஆனாலும் 66 வயதில் அந்தக் கூட்டத்துக்குள் கூட்டிப்போக மனசு வரவில்லை. மத்திய அரசின் இ-சஞ்சீவனி ஆன்லைன் மருத்துவச் சேவையில் டோக்கன் எடுத்து வீடியோவில் டாக்டரைப் பார்த்தோம், காசே இல்லாமல். வீட்டு மெஷினில் எடுத்த சர்க்கரை அளவுகளைப் படித்துச் சொன்னேன். மருந்துச் சீட்டு போனுக்கே வந்தது. அம்மாவுக்கு முழுத் திருப்தி. அந்த வசதி எப்போதும் இருக்க வேண்டும் என்பதே என் கட்சி.

காசிமேட்டுக்காரன்:
அம்மா நலமாக இருப்பதில் சந்தோஷம், சகோதரி. எங்கள் வீட்டில் நடந்தது வேறு. அப்பாவுக்கும் சர்க்கரை. காலில் மீன்முள் குத்திப் புண். ஒரு தனியார் ஆப்பில் பணம் கட்டி டாக்டரிடம் பேசினோம். ஒற்றை அறை, மங்கலான வெளிச்சம், சிக்னல் விட்டுவிட்டு வந்தது. புண்ணின் நிறம் பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகத் தெரியவில்லை. மாத்திரை எழுதினார். பேசி முடித்த உடனே, எத்தனை நட்சத்திரம் என்று ஆப் கேட்டது. ஐந்து கொடுத்தேன். அன்றைக்கு ஒரு டாக்டர் கிடைத்ததே பெரிசு. ஒன்பதாம் நாள் நாற்றம் வந்தது. சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. நான் கொடுத்த அந்த ஐந்து நட்சத்திரமும் திருப்திக் கணக்கில்தானே சேர்ந்திருக்கும்?

ராயபுரம் மகள்:
படிக்கவே மனசு கனக்கிறது அண்ணா. ஆனால் 2020 மார்ச் 25இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதலிலேயே, நேரில் பரிசோதித்தால்தான் முடியும் என்றால் நேரில் வரச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் டாக்டர் அதைச் செய்யவில்லை. வீடியோ முறையை ஏன் குறை சொல்ல வேண்டும்?

காசிமேட்டுக்காரன்:
விதி இருக்கிறது, சரி. ஆட்டோகூட ஓடாத நாளில் ‘நேரில் வா’ என்றால் எங்கே போவது? அது தெரிந்துதான் மாத்திரையோடு முடித்திருப்பார்.

தண்டையார்பேட்டை மருந்துக்கடை:
அந்த நாட்களில் கடை திறந்து வைத்திருந்தவன் நான். போனில் சீட்டைக் காட்டிப் பழைய மாத்திரையையே வாங்கியவர்கள் நிம்மதியாகப் போனார்கள். புதிதாக வலி, புண், மூச்சு வாங்கல் என்று இருந்தவர்கள் ‘இது போதுமாண்ணா?’ என்று என்னிடம் கேட்டார்கள். டாக்டரிடம் கேட்க வேண்டியதை மருந்துக்கடையில் கேட்டால், அவர்களுக்கு மனசு ஆறவில்லை என்றுதானே அர்த்தம்?

வியாசர்பாடி செவிலியர்:
போனே இல்லாதவர்களை யாரும் சொல்லவில்லையே. வீட்டில் இருக்கும் ஒரே போன் பையனின் ஆன்லைன் வகுப்புக்குப் போய்விடும். மாதவிடாய்த் தொல்லையை மாமனார், கொழுந்தன் காதுபட எந்தப் பெண் வாய்விட்டுச் சொல்வாள்? இவர்கள் யாரும் நட்சத்திரம் கொடுக்கும் இடத்துக்கே வரவில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ஆட்கள் வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை பார்க்கிறார்கள். அவர்கள் போனிலிருந்து டாக்டரைக் கூப்பிட்டால், புண்ணில் டார்ச் அடித்துக் காட்ட விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பார்.

ராயபுரம் மகள்:
அதை ஒத்துக்கொள்கிறேன் அக்கா. ஆனாலும் மாசாமாசம் அதே மாத்திரைக்காக அம்மாவை வெயிலில் நிற்கவைக்க மாட்டேன்.

காசிமேட்டுக்காரன்:
நிற்கவைக்க வேண்டாம். நட்சத்திரத்தை மட்டும் அன்றைக்கே கேட்காமல், பத்து நாள் கழித்துக் கூப்பிட்டு ‘புண் ஆறியதா?’ என்று கேட்கச் சொல்லுங்கள்.