தோட்டத்துச் சாளை உறவுகள்: மாமாவின் மாடி தியேட்டர்

சனிக்கிழமை

கோபி மாமா, இரவு 8:12
மாப்ள, மாடி தியேட்டர் அறையில் என் நாற்காலியில் உட்கார்ந்தால் பேஸே, அந்தத் தாழ்ந்த சத்தமே, கேட்பதில்லை. பின்னால் சுவரோரம் உன் அத்தை உட்காரும் இடத்தில் மட்டும் கும்கும் என்று குமுறுகிறது. பேஸ் கொடுக்கும் ஊஃபர் பெட்டி போய்விட்டதா?

கோபி அத்தை, 8:14
கீழே சமையலறையில் போசி, பாத்திரமெல்லாம் நடுங்குகிறது கண்ணு. அதையும் கேட்டுச் சொல்லு.

கோபி மாமா, 8:15
வாங்கின கடையில் கேட்டேன். எட்டு இஞ்ச் ஊஃபர் பத்தாது, பன்னிரண்டு இஞ்ச் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள்.

நான், 8:21
கடையை விடுங்க மாமா. ரூம் நீள அகலம் என்னங்க? நாற்காலி எங்கே போட்டிருக்கிறீங்க?

கோபி மாமா, 8:24
நீளம் 16 அடி, அகலம் 12, உயரம் 10. நாற்காலி நட்ட நடுவில், திரையிலிருந்து 8 அடி. டேப் பிடித்து அளந்து போட்டது.

நான், 8:33
அளந்து போட்டதுதான் வினைங்க 😀 டிராக்டரில் தொட்டித் தண்ணீர் கொண்டுபோகும்போது பாருங்க. இரண்டு ஓரத்திலும் தண்ணீர் ஏறி ஏறி இறங்கும், நடுவில் மட்டம் மாறாமல் நிற்கும். உங்கள் ரூமில் காற்று அதே வேலையைச் செய்கிறது. சத்தம் ஒரு நொடிக்குச் சுமார் 1,130 அடி போகும். அதை நீளத்தின் இரண்டு மடங்கால், அதாவது 32-ஆல் வகுத்தால் 35 ஹெர்ட்ஸ், நொடிக்கு 35 அதிர்வு. அந்த 35 ஹெர்ட்ஸ் முன் சுவரிலும் பின் சுவரிலும் பொங்கும், நடுவில் செத்துப்போகும். நீங்கள் உட்கார்ந்திருப்பது செத்த இடம். அத்தை இருப்பது பொங்கும் இடம்.

கோவை மச்சான், 8:36
அப்படியென்றால் ஊஃபர் வால்யூமைக் கூட்டினால் போதாதா மாப்ள?

நான், 8:41
போதாது மச்சான். நேராக வரும் அலையும் சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் அந்த இடத்தில் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. கூட்டினால் இரண்டும் சேர்ந்தே கூடும், பள்ளம் பள்ளமாகவே இருக்கும். சத்தத்தை 10 டெசிபல் ஏற்ற ஆம்பிளிஃபையர் பத்து மடங்கு பவர் தர வேண்டும். அதெல்லாம் போசிக்குத்தான் போகும். பன்னிரண்டு இஞ்ச் வாங்கினாலும் இதே கதை.

பவானி பெரிய மாமா, 8:47
ஏனுங்க, மாரியம்மன் நோம்பிக்குக் கம்பத்தைச் சுற்றித் தப்பட்டை அடிக்கிறார்கள். எங்கே நின்றாலும் ஒரே மாதிரிதானே கேட்கிறது? அதற்கு என்ன சொல்றீங்க?

நான், 8:50
அருமையான கேள்விங்க மாமா. கோயில் வாசல் திறந்த வெளி. திரும்பி வந்து மோத சுவர் பக்கத்தில் இல்லை. தள்ளிப் போகப் போகச் சத்தம் குறையுமே தவிர, நடுவில் காணாமல் போய்ப் பின்னால் குமுறாது. சிக்கல் பெட்டியில் இல்லை, ரூமில்தான்.

பவானி பெரிய மாமா, 8:52
சுவர்தான் காரணமென்றால் நம்ம பவானி ஜமக்காளம் நாலு அனுப்பி வைக்கிறேன். சுவரில் மாட்டிவிடுங்கள். முடிந்தது.

நான், 8:57
கைதட்டினால் வரும் எதிரொலி அதில் கொஞ்சம் அடங்கும். பேஸுக்கு ஒன்றும் ஆகாதுங்க. 35 ஹெர்ட்ஸ் அலையின் நீளமே 32 அடி, ஜமக்காளம் அதற்குக் கொசு வலை. முட்டை அட்டை மாதிரிக் கடையில் விற்கும் ஃபோமும் அப்படித்தான். மூலையில் தரையிலிருந்து கூரை வரை அரையடி, ஓரடி கனத்துக்கு ராக்வுல் என்ற கல் நார்ப் பஞ்சு அடைத்தால் ஓரளவு பலன் இருக்கும். அதுவும் 35-க்கு இறங்கினால் கஷ்டம்.

கோபி அத்தை, 8:58
மூலையில் எதையும் அடைக்க விடமாட்டேன். அங்கே அரிசி டிரம் இருக்கிறது.

கோபி மாமா, 8:59
தியேட்டரில் அரிசி டிரம். இதை யாரிடம் சொல்வது.

நான், 9:06
காசு செலவில்லாத வேலையை முதலில் பாருங்க. நாற்காலியை இரண்டடி பின்னால் தள்ளி 10 அடியில் போடுங்க. அதற்கு மேல் போகவேண்டாம். 12 அடியில் 70 ஹெர்ட்ஸ் செத்துப்போகும், இன்னும் போனால் அத்தையோடு சேர்ந்து குமுற வேண்டியதுதான். அப்புறம், ஊஃபரைத் தூக்கி அந்த நாற்காலி மேலேயே வையுங்க. பேஸ் அதிகமுள்ள பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, பெட்டி வைக்கத் தோதான சுவரோரமெல்லாம் தரையோடு தலையை வைத்துத் தவழ்ந்து கேளுங்க. எங்கே ஒவ்வொரு நோட்டும் (ஸ்வரமும்) ஒரே அளவில் கேட்கிறதோ அங்கே பெட்டியை வையுங்க. ரொம்பச் சத்தமாகக் கேட்கும் இடம் வேண்டாம். பெட்டியையும் காதையும் இடம் மாற்றினாலும் ரூம் செய்யும் வேலை ஒன்றுதான், அதனால் இது பலிக்கும்.

கோபி மாமா, 9:08
தவழ்வதா! முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு இருக்கிறேன் மாப்ள.

கோவை மச்சான், 9:09
காலையில் நான் வருகிறேன் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை

கோவை மச்சான், காலை 11:20
தவழ்ந்தாயிற்று. பையன் முதுகில் ஏறிக் குதிரை ஓட்டினான். பெட்டி இப்போதுள்ள முன் மூலைதான் படுமோசம், ஒரே நோட்டு மட்டும் தூக்கி அடிக்கிறது. இடது சுவரில் மூலையிலிருந்து ஐந்தடி தள்ளி நன்றாக இருக்கிறது.

நான், 11:24
மூலையில் வைத்தால் ரூமின் எல்லாக் குமுறலையும் ஒன்றாகக் கிளப்பிவிடும், அதுதான். அங்கேயே மாற்றுங்க. ஸ்பீக்கரையெல்லாம் ஓட்டும் ரிசீவரில் கிராஸ்ஓவரை, அதாவது ஊஃபருக்கும் மற்ற ஸ்பீக்கருக்கும் சத்தத்தைப் பிரிக்கும் எல்லையை, 80 ஹெர்ட்ஸில் வையுங்க. ஊஃபர் முதுகிலுள்ள கிராஸ்ஓவர் திருகை முழுசாக ஏற்றிவிடுங்க, இல்லாவிட்டால் இரண்டு இடத்தில் வெட்டும். பிறகு 80 ஹெர்ட்ஸ் டோன், அதாவது ஒரே சீரான சத்தம், போட்டு, ஊஃபரின் அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்சை 0, 180 என்று மாற்றிப் பார்த்து, நாற்காலியில் எது சத்தமாகக் கேட்கிறதோ அதில் விடுங்க.

கோவை மச்சான், மதியம் 12:45
180-இல்தான் கேட்கிறது. போனில் டோன் ஆப் வைத்து 30-லிருந்து ஐந்து ஐந்தாக ஏற்றி, இன்னொரு போனில் அளந்தேன். 35-இல் பழைய இடத்தைவிட 9 டெசிபல் கூடுதல். ஆனால் 45, 50-இல் இன்னும் மேடாக இருக்கிறது.

நான், 12:50
போன் மைக் கீழ் பேஸில் சரியான கணக்குச் சொல்லாது, ஆனால் ஒரே டோனை இரண்டு இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். அந்த மேடும் ரூம் செய்யும் வேலைதான். மேட்டை ஈக்யூவில், அதாவது குறிப்பிட்ட ஹெர்ட்ஸை மட்டும் ஏற்றி இறக்கும் வசதியில், வெட்டலாம், தப்பில்லை. பள்ளத்தைத்தான் நிரப்பப் பார்க்கக் கூடாது. ரிசீவரோடு ஒரு குட்டி மைக் வந்திருக்குமே?

கோபி மாமா, 12:52
அது அட்டைப் பெட்டியிலேயே கிடக்கிறது. பிரிக்கவே இல்லை.

நான், 12:53
மாமா!!

நான், 12:55
அதை நாற்காலியில் காது உயரத்தில் வைத்து ஆட்டோ செட்டப் ஓட்டுங்க, ரிசீவரே அளந்து சரிசெய்துகொள்ளும். பெட்டியையும் நாற்காலியையும் நகர்த்தினால் மறுபடி ஓட்ட வேண்டும். ஃபேன், ஏசி எல்லாம் நிறுத்திவிட்டு. அத்தையையும் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கச் சொல்லுங்க.

கோபி அத்தை, 12:56
நானும் குரூப்பில்தான் இருக்கிறேன் கண்ணு.

கோவை மச்சான், 1:30
ஓட்டியாயிற்று. இன்னொரு எட்டு இஞ்ச் வாங்கிப் பின் சுவர் நடுவில் வைத்தால் இன்னும் மேலா?

நான், 1:34
ஒன்று முன் சுவர் நடுவில், ஒன்று பின் சுவர் நடுவில் வைத்தால் அந்த 35-ஐ இரண்டும் எதிரெதிரே தள்ளி அடக்கிவிடும், எல்லா நாற்காலிக்கும் ஏறக்குறைய ஒரே பேஸ். ஒரு பெரிய பெட்டியைவிட இரண்டு சின்னப் பெட்டிதான் என் கட்சி. ஆனால் இப்போதே வேண்டாம், ஒரு மாதம் கேட்டுப் பாருங்க.

கோபி அத்தை, 1:35
ஒரு வருசம் கேட்கட்டும்.

கோபி மாமா, இரவு 9:40
பேஸ் இப்போது பிரமாதம் மாப்ள. போசிச் சத்தமும் இல்லை. ஒன்றே ஒன்று. நாற்காலியைத் தள்ளினதும் ஏசி காற்று நேராக மண்டையில் அடிக்கிறது. கழுத்து பிடித்துக்கொண்டது.

பவானி பெரிய மாமா, 9:42
ஜமக்காளம் அனுப்பட்டுமா?