16 வயதுப் பூனைக்குக் கடி, புதன் வரை டொக்டர் இல்லை. அதுவரை என்ன செய்யலாம்?

அலஸ்தோட்டத்து மகள் (சனி, இரவு 9.40)

அவசரமாகக் கேட்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் சாம்பிக்கு 16 வயது. 2009இல் அம்மா சந்தையிலிருந்து ஒரு கையில் சூடை மீன் பையும் மறு கையில் இவளுமாக வந்தார். அம்மா காலமாகி இரண்டு வருடமாகிறது. அவர் படுத்த பாயில்தான் சாம்பி இன்றைக்கும் படுக்கிறாள்.

வியாழன் இரவு மதிலில் ஒரு பெரிய கடுவன் பூனையோடு சண்டை. சத்தம் கேட்டு நான் ஓடிப் போவதற்குள் அது பாய்ந்து மறைந்துவிட்டது. சாம்பியின் உடம்பில் இரத்தம் எதுவும் தெரியவில்லை, பேசாமல் விட்டுவிட்டேன். இன்று காலையிலிருந்து வலது பின்காலை ஊன்றாமல் நடக்கிறாள். வாலடியில், இடுப்புப் பக்கமாகத் தேசிக்காய் அளவுக்கு வீங்கியிருக்கிறது. மயிரை விலக்கிப் பார்த்தால் ஊசி குத்தியது போல இரண்டு புள்ளிகள். தொட்டால் சீறுகிறாள். இத்தனை வருடத்தில் என்னைப் பார்த்துச் சீறியதே இல்லை. மத்தியானம் மீனை மணந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தண்ணீர் மட்டும் கொஞ்சம் குடித்தாள்.

நாளை ஞாயிறு. திங்கள் வெசாக் போயா, செவ்வாயும் லீவு. அரச மிருக வைத்திய அலுவலகம் புதன்தான் திறக்கும். பக்கத்து வீட்டு மாமி அரைப் பனடோலைக் கரைத்துப் பருக்கச் சொல்கிறார், மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசச் சொல்கிறார். வீட்டில் டெட்டோல் இருக்கிறது. எதைச் செய்யலாம்? மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

உப்புவெளித் தம்பி (சனி, இரவு 9.46)

அக்கா, அந்த மாத்திரையைக் கீழே வையுங்கள். பனடோலில் இருக்கிற பரசிற்றமோல் பூனைக்கு நஞ்சு. போன வருடம் எங்கள் வீட்டில் தெரியாமல் அரை மாத்திரை கொடுத்தோம். பல் முரசு மண்ணிறமாகி, முகம் வீங்கி, மூச்சு எடுக்க முடியாமல் அடுத்த நாளே செத்துவிட்டது. கொடுத்தது நான்தான். இப்போதும் நினைத்தால் சோறு இறங்காது. இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது, தெரிந்தவர்கள் வருவார்கள். மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

பாலையூற்று அம்மம்மா (சனி, இரவு 10.05)

மகள், தம்பி சொன்னது சரி. நான் ஒரு கால்நடை வைத்திய அலுவலகத்தில் 22 வருடம் டொக்டருக்கு உதவியாக நின்று ஓய்வு பெற்றவள். நான் டொக்டர் இல்லை, ஆனால் இப்படி வீங்கிய பூனைகளை எத்தனையோ தடவை மேசையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

பரசிற்றமோலை நம்முடைய ஈரல் கழித்துவிடும். பூனையின் ஈரலில் அதற்கு வேண்டிய நொதியம் போதாது. கழியாமல் மிஞ்சுவது, இரத்தம் ஒட்சிசனைக் காவுகிற வேலையையே கெடுத்துவிடும். அஸ்பிரின், இபுபுரூபன், டைக்குளோபினாக் எதையும் கொடுக்க வேண்டாம், கிழப்பூனையின் சிறுநீரகம் தாங்காது. டெட்டோலும் கூடாது. பூசினால் நக்குவாள், அதுவும் பூனைக்கு நஞ்சுதான். தடிமனுக்குப் பூசுகிற பாம்களில் கற்பூரம் இருக்கும், அவற்றையும் எடுக்காதீர்கள். மஞ்சளும் வேப்பிலையும் மாமி அன்பில் சொன்னது. ஆனால் அந்த இரண்டு ஓட்டையையும் அடைத்துவிட்டால் உள்ளே இருக்கிற சீழ் எந்த வழியால் வெளியே வரும்?

எனக்கு இது சீழ்க்கட்டி மாதிரித்தான் தெரிகிறது. கடுவனின் பல் ஊசி போன்றது. மேல்தோல் கெதியாக மூடிக்கொள்ளும், பல்லோடு உள்ளே போன கிருமி இரண்டு மூன்று நாளில் வீக்கத்தைக் கொண்டுவரும். வியாழன் கடி, சனி வீக்கம், கணக்குச் சரியாக வருகிறது. அன்றிரவு கவனிக்கவில்லையே என்று மனதைப் போட்டு வருத்தாதீர்கள், யார் பார்த்தாலும் தெரிந்திருக்காது.

அரை லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் தட்டையாக ஒரு தேக்கரண்டி உப்பைக் கரையுங்கள். இளஞ்சூடாக அதில் சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து, வீக்கத்தின் மேல் ஐந்து நிமிடம் அழுத்தாமல் வையுங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை, அவள் விட்டால் மட்டும். பிதுக்கவே கூடாது. தானாக உடைந்தால் பொல்லாத நாற்றத்தோடு சீழ் வரும். பயப்படாமல் அதே உப்புத் தண்ணீரால் துடைத்துவிட்டுத் திறந்தபடி விடுங்கள், கட்டுப் போட வேண்டாம்.

எனக்குப் பெரிய பயம் இலையான்தான். கச்சான் காற்றுத் தொடங்கிவிட்டது. இந்த வெக்கையில் புண்ணில் இலையான் முட்டை போட்டால் ஒரு நாளுக்குள் புழு வைத்துவிடும். நோவோடு கிடக்கிற கிழப்பூனை திரும்பி நக்கித் துப்புரவாக்கவும் மாட்டாது. அம்மாவின் பாயில்தான் படுக்கிறாள் என்கிறீர்கள், அவளை அந்தப் பாயை விட்டு எழுப்ப வேண்டாம். மேலே ஒரு துவாயை விரித்து, சுற்றிவர நுளம்பு வலையைக் கட்டிவிடுங்கள். காற்றாடி நேராக அடிக்கக் கூடாது, வெறும் சீமெந்தில் கிடக்கவும் கூடாது, இந்த வயதில் இரவில் உடம்பு குளிர்ந்துவிடும். மாட்டுப் புண்ணில் புழு வைத்தால் பூச்சி உருண்டையும் மண்ணெண்ணெயும் போடுகிறவர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். பூனைக்கு இரண்டுமே ஆபத்து.

தோலைக் கிள்ளிப் பார்த்து நீர் வற்றியதா என்று பார்ப்பார்கள். கிழப்பூனையில் அது சரிவராது, வயதுக்கே தோல் தளர்ந்திருக்கும். உதட்டை உயர்த்தி முரசைத் தொடுங்கள். இளஞ்சிவப்பாக, ஈரமாக வழுக்கினால் நல்லது. விரல் ஒட்டினால் தண்ணீர் போதாது. அழுத்திவிட்டால் வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும்.

மீனை உப்பும் வெங்காயமும் இல்லாமல் அவித்து, இளஞ்சூட்டோடு கையில் வைத்து நீட்டுங்கள். குழம்பு மீனைக் கழுவிக் கொடுக்காதீர்கள், வெங்காயமும் உள்ளியும் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும். தண்ணீரை வாயில் ஊற்ற வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும்.

தூங்கும்போது நெஞ்சு எழும்புவதை 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 30க்குள் இருந்தால் நிம்மதி. 40ஐத் தாண்டினாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, முரசு வெளுத்தாலோ நீலித்தாலோ, ஒரு நாள் முழுக்கச் சிறுநீர் போகாவிட்டாலோ அந்த நேரமே புறப்படுங்கள். பின்பாதங்கள் இரண்டையும் பிடித்தும் பாருங்கள். நொண்டுகிற பாதம் மற்றதைவிடக் குளிர்ந்து கிடந்தால் காரணம் கடியாக இல்லாமல், இரத்தக் கட்டி குழாயை அடைத்ததாக இருக்கலாம். அதுவும் அவசரம்தான்.

புதன் வரை காத்திருக்காதீர்கள் மகள். பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாலே ஈரலில் கொழுப்புப் படியத் தொடங்கிவிடும். அலுவலகம் பூட்டு என்பதற்காக டொக்டர்மார் எல்லோரும் ஊரில் இல்லை என்று இல்லை. தனியாகப் பார்க்கிறவர்களுக்கு விடிந்ததும் போன் எடுங்கள். வயதான பூனை, கடி, வீக்கம், சாப்பிடவில்லை என்பதை முதல் வசனத்திலேயே சொல்லுங்கள்.

அலஸ்தோட்டத்து மகள் (சனி, இரவு 10.50)

அம்மா, கும்பிடுகிறேன். மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டேன். பாதம் இரண்டும் ஒரே சூடு. மூச்சு 28. வலை கட்டியாயிற்று. துணி வைக்கும்போது என் விரலைக் கவ்விவிட்டாள், சின்னக் காயம்தான்.

கிண்ணியா வாப்பா (சனி, இரவு 11.10)

தங்கச்சி, சின்னக் காயம் என்று விட வேண்டாம். இப்போதே சவர்க்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். விடிந்ததும் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். சாம்பியைக் கடித்தது எந்தக் கடுவன் என்று தெரியாதே, விசர் நோய்க்குத் தடுப்பூசி தேவையா என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். சாம்பியின் தடுப்பூசி அட்டை இருந்தால் மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள்.

கொண்டு போவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் முன் நாங்கள் ‘பாதை’ என்கிற மிதவையில்தான் அக்கரைக்கு வருவோம். ஒரு நாள் காலில் அடிபட்ட எங்கள் பூனையைத் துணிப்பையில் வைத்து ஏறினேன். நடுவில் யாரோ ஹோர்ன் அடிக்க, பையைப் பிய்த்துக்கொண்டு தண்ணீரில் பாய்ந்துவிட்டது. கரைக்கு வந்து இருட்டும் வரை தேடினோம். மகள் அன்றிரவு முழுக்க அழுதாள். உடுப்புப் போடுகிற பிளாஸ்டிக் கூடை இரண்டு இருக்கும்தானே, ஒன்றில் துவாய் விரித்துப் பூனையை வைத்து, மற்றதைக் கவிழ்த்துக் கயிற்றால் நாலு பக்கமும் கட்டுங்கள். மேலே துணி போட்டால் ஓட்டோவில் பயமில்லாமல் இருக்கும்.

அலஸ்தோட்டத்து மகள் (ஞாயிறு, இரவு 7.15)

கிண்ணியா நானா சொன்ன கூடையில்தான் கொண்டு போனேன். நான்காவது போனில் ஒரு டொக்டர் மத்தியானம் வரச் சொன்னார். சாம்பி 2.7 கிலோதான் இருக்கிறாள். மயிரை மழித்து, கீறி, சீழை எடுத்தார். உள்ளே கடுவனின் நகத்துண்டு ஒன்று இருந்தது. கிருமிக்கு ஊசி, நோவுக்குப் பூனைக்கென்றே உள்ள மருந்து சில துளி. சிறுநீரகத்துக்கு இரத்தம் சோதிக்க அடுத்த கிழமை வரச் சொல்லியிருக்கிறார். எனக்கும் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள்.

மாமி வந்து வலைக்குள் பார்த்துவிட்டு, “நானே கொன்றிருப்பேனே” என்று அழுதுவிட்டார். அவித்த சூடை கொண்டுவந்தது அவர்தான். இரண்டு சாப்பிட்டாள்.

ஏழு நாளைக்கு மாத்திரை தந்திருக்கிறார்கள். முதலாவதைத் துப்பிவிட்டாள். நசுக்கிக் கொடுக்கலாமா?

பாலையூற்று அம்மம்மா (ஞாயிறு, இரவு 7.40)

நசுக்குவதென்றால் டொக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், சில மாத்திரை நசுக்கினால் கைக்கும், பிறகு வாயையே திறக்க மாட்டாள். முகம் மட்டும் தெரியத் துவாயில் சுற்றி, மடியில் வைத்து, நாக்கின் அடிப்பக்கம் வரை மாத்திரையைத் தள்ளுங்கள். உடனே ஊசி இல்லாத சிரிஞ்சால் கன்னப் பக்கமாக மூன்று நான்கு மில்லிலீற்றர் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மாத்திரை தொண்டையில் ஒட்டினால் அங்கே புண்ணாகும். வீக்கம் வற்றினாலும் ஏழு நாளும் கொடுங்கள். புண் காயும் வரை வலையை அவிழ்க்க வேண்டாம்.