புல் டைப் கிளட்ச்: இன்ஜின் இரண்டு விரல் அகலம் விலகி நின்றுவிட்டது, உதவி தேவை

கேள்வி (சிந்துபூந்துறை)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அத்தான் சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பியபோது கொண்டுவந்த சுபாரு இம்ப்ரெசா டர்போ கார், 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எங்கள் வீட்டு முற்றத்தில் சக்கரங்கள் மூழ்கும் அளவு நீரில் நின்றது. சேற்றைக் கழுவி, எல்லா எண்ணெய்களையும் மாற்றியபின் இன்ஜின் ஓடியது. ஆனால் கிளட்ச் பெடலை எவ்வளவு மிதித்தாலும் கியர் விழவில்லை. கிளட்ச் பிளேட் பிளைவீலோடு (இன்ஜினோடு சுழலும் கனத்த சக்கரம்) துருவேறி ஒட்டியிருக்கும் என்று கருதி, வெகுநாள் தள்ளிப்போட்ட பிறகு இப்போதுதான் இன்ஜினை இறக்க முனைந்தோம்.

இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் போல்ட், நட் அனைத்தையும் கழற்றிவிட்டோம். ஸ்டார்ட்டர் மோட்டாரையும் இன்டர்கூலரையும் எடுத்துவிட்டோம். பெடலை மிதித்தால் கிளட்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டரைக் கழற்றி ஓரமாகக் கட்டிவைத்திருக்கிறோம். கியர்பாக்ஸுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, வேப்பமரக் கிளையில் செயின் புல்லி மாட்டி இன்ஜினைத் தூக்கி முன்னே இழுத்தபோது, இரண்டு விரல் அகலத்துக்கு எளிதாக விலகியது. அதன்பின் எங்கேயோ கட்டிப்போட்டதுபோல் நின்றுவிட்டது. விட்டால் சற்றே பின்னால் போகிறது, இழுத்தால் அதே இடத்தில் மீண்டும் நிற்கிறது. உதவிக்கு வந்தவர் இடைவெளியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பலாம் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. எந்தப் போல்ட்டை நாங்கள் விட்டுவிட்டோம்?

பதில் (தச்சநல்லூர், கார் பணிமனை)

தம்பி, முதலில் கடப்பாரையை எடுத்து வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். நீங்கள் எந்தப் போல்ட்டையும் விடவில்லை. உங்கள் வண்டியில் உள்ளது புல் டைப் கிளட்ச். இன்ஜினைக் கியர்பாக்ஸோடு சேர்த்துப் பிடித்திருப்பது ரிலீஸ் ஃபோர்க், அதாவது பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங்கை நகர்த்தும் கவை.

நம் ஊரில் நாம் அன்றாடம் பிரிக்கும் கார்களில் ரிலீஸ் பேரிங், கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் டயாபிராம் விரல்களை (தட்டு ஸ்பிரிங்கின் நாக்குகளை) பிளைவீல் பக்கம் தள்ளும். அந்தப் பேரிங் கியர்பாக்ஸோடு இருக்கும், பிரஷர் பிளேட்டை வெறுமனே தொட்டுக்கொண்டிருக்கும், ஆகையால் போல்ட்டைக் கழற்றினால் இரண்டும் தாமாகப் பிரிந்துவிடும். புல் டைப்பில் பேரிங் அந்த விரல்களின் நடுவே நுழைந்து, ஒரு கம்பி வளையத்தால் பிரஷர் பிளேட்டோடு பூட்டிக்கொள்கிறது. ஃபோர்க் அதைக் கியர்பாக்ஸ் பக்கம் இழுக்கும்போதுதான் கிளட்ச் விடுபடுகிறது. டயாபிராமின் நெம்பு நீளம் இதில் கூடுவதால், அதிகப் பிடிமானம் வேண்டிய டர்போ வண்டிகளிலும் பெரிய லாரிகளிலும் இந்த அமைப்பை வைக்கிறார்கள். பேரிங் இன்ஜின் பக்கம் பூட்டியிருக்கிறது, அதன் காதுகளைக் கியர்பாக்ஸில் உள்ள ஃபோர்க் கொக்கிபோல் பிடித்திருக்கிறது. இந்தப் பிடியை அவிழ்க்காமல் இரண்டும் பிரியாது.

நீங்கள் எழுதிய அறிகுறியே பாதி விடையைச் சொல்லிவிட்டது. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பொருத்தும் முளையான டவல் பின் துருப்பிடித்திருந்தால் இடைவெளியே விழுந்திருக்காது, அல்லது ஒரு பக்கம் மட்டும் கோணலாகத் திறந்திருக்கும். கிளட்ச் பிளேட் ஏறியிருக்கும் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்டின் ஸ்ப்ளைன் (நீளவாட்டுப் பல்வரி) கடித்திருந்தால் இவ்வளவு எளிதாக விலகியிருக்காது. சமமாக விலகி, குறிப்பிட்ட இடத்தில் நின்று, சற்றே பின்வாங்குகிறது என்றால் அது ஃபோர்க்கேதான்.

பெல் ஹவுசிங்கின் பக்கவாட்டில் ஒரு பிளக் இருக்கும், அதற்கு 10 மி.மீ. ஆலன் கீ வேண்டும். பிளக்கைக் கழற்றினால் ஃபோர்க் ஷாஃப்டின் முனை உள்ளே தெரியும், அதன் நடுவில் மரை இருக்கும். 6 மி.மீ. போல்ட் ஒன்றை அதில் முறுக்கி ஷாஃப்டை வெளியே இழுக்க வேண்டும். ஷாஃப்ட் வந்தபின் ஃபோர்க்கை மேலே தூக்கிப் பேரிங்கின் காதுகளிலிருந்து விடுவித்தால், பேரிங் பிரஷர் பிளேட்டோடு தங்கிவிடும், இன்ஜினும் தடையின்றி முன்னே வரும்.

ஒன்றை மறவாதீர்கள்: இழுத்த நிலையிலேயே ஷாஃப்டைக் கழற்ற முயலாதீர்கள். இப்போது இன்ஜினின் இழுப்பு முழுவதும் பேரிங் வழியாக ஃபோர்க்குக்கும், ஃபோர்க் வழியாக அந்த ஷாஃப்டுக்கும் போய்க்கொண்டிருக்கிறது. அது துளையின் ஒரு பக்கத்தை அழுத்திக்கொண்டு நிற்கும், எவ்வளவு இழுத்தாலும் வராது. இன்ஜினை மறுபடி கியர்பாக்ஸோடு முழுதாகச் சேர்த்து, இரண்டு போல்ட்டுகளை மாட்டிய பிறகுதான் ஷாஃப்டில் கை வையுங்கள். மரக்கிளையும் எனக்குக் கவலை தருகிறது. கிளை வளைந்து இன்ஜின் ஒரு முழம் ஆடினாலும் அதன் எடை இன்புட் ஷாஃப்டின் மேல் தொங்கி, கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதியை வளைத்துவிடும். முக்காலி ஸ்டாண்டு ஒன்றை வாடகைக்கு எடுப்பது நல்லது.

பதில் (மேலப்பாளையம்)

நான் ஷார்ஜாவில் ஒரு பணிமனையில் வேலை பார்த்தபோது மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன், மாஸ்டா ஆர்எக்ஸ் 7 வண்டிகளின் கிளட்சை இறக்கியிருக்கிறேன். அவற்றுக்கு ஷாஃப்டைத் தொட வேண்டியதில்லை. ஃபோர்க் வெளிவரும் துளை வழியாகத் தட்டையான பெரிய ஸ்க்ரூடிரைவரை விட்டு, பேரிங்குக்கும் பிரஷர் பிளேட்டில் இருக்கும் காலருக்கும் இடையில் நுழைத்துத் திருப்பினால், கம்பி வளையம் விடுபட்டுப் பேரிங் கழன்று கியர்பாக்ஸோடு வந்துவிடும். இங்கும் அதையே செய்யலாமே அண்ணாச்சி?

பதில் (தச்சநல்லூர், கார் பணிமனை)

நீங்கள் சொல்வது அந்த வண்டிகளுக்கு முற்றிலும் சரி. அவற்றில் பேரிங்கைப் பிரஷர் பிளேட்டிலிருந்து கழற்றுகிறோம், சுபாருவில் ஃபோர்க்கைப் பேரிங்கிலிருந்து கழற்றுகிறோம். பூட்டு ஒன்றுதான், அவிழ்க்கும் முனை வேறு. சுபாருவில் இன்ஜின் கீழே வந்தபின், பேரிங்கை ஸ்க்ரூடிரைவரால் நெம்பிப் பிரஷர் பிளேட்டிலிருந்து எடுக்கலாம். வண்டியில் இருக்கும்போதே துளை வழியாகக் குருட்டாம்போக்கில் நெம்பினால் டயாபிராம் விரல் வளையும்.

பதில் (வள்ளியூர், லாரி மெக்கானிக்)

லாரிகளிலும் இதே சிக்கல் உண்டு. கியர்பாக்ஸை இறக்கும்போது ஃபோர்க்கைத் திருப்பி, பேரிங்கை அது தாண்டிச் செல்லும்படி பிடித்துக்கொள்ள வேண்டும். புதுப் பையன்கள் இதை மறந்து ஜாக்கியை மட்டும் இழுத்து, பெல் ஹவுசிங்கின் காதை உடைத்ததைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

கேள்வியாளர் (மூன்றாம் நாள்)

அண்ணாச்சி சொன்னபடியே இன்ஜினைத் திரும்பச் சேர்த்து இரண்டு போல்ட்டுகளை மாட்டினோம். பிளக் கழன்றது. உள்ளே ஷாஃப்ட் முனையில் வெள்ளச் சேறு காய்ந்து கட்டியாகியிருந்தது. 6 மி.மீ. போல்ட்டை மாட்டிக் குறடால் இழுத்தும் அசையவில்லை. போல்ட்டின் தலையைச் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டலாமா?

பதில் (தச்சநல்லூர், கார் பணிமனை)

வேண்டாம். 6 மி.மீ. போல்ட் மெல்லியது, அது ஷாஃப்டுக்குள் முறிந்துவிட்டால் அதன்பின் படும் பாடு பெரிது. சேற்றைக் கம்பியால் சுரண்டி எடுத்து, துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஓர் இரவு ஊற விடுங்கள். அருகில் ஒரு லேத் பட்டறையில், ஷாஃப்டை விடச் சற்றுப் பெரிய உள்விட்டமுள்ள குழாய்த்துண்டு ஒன்றை இரு முனையும் நேராக வெட்டி வாங்குங்கள். நீளமான உயர்தர இழுவிசைப் போல்ட் ஒன்றில் நட்டையும் கெட்டியான வாஷரையும் கோத்து, குழாயைத் துளையின் மேல் நிறுத்தி, போல்ட்டை ஷாஃப்டில் அதன் மரை முழுவதும் இறங்கும்வரை முறுக்குங்கள். பிறகு போல்ட் சுழலாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் மெல்ல முறுக்கினால் ஷாஃப்ட் நேராக வெளியே வரும். முறுக்கம் கூடுவதாகத் தோன்றினால் நிறுத்திவிட்டு, ஒருவர் ஃபோர்க்கின் வெளிமுனையை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டட்டும்.

கேள்வியாளர் (ஐந்தாம் நாள்)

ஷாஃப்ட் வந்துவிட்டது. வண்ணார்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் குழாய் வெட்டி வாங்கினேன். முதலில் அசையாமல் நின்றது, ஃபோர்க்கை ஆட்டத் தொடங்கியதும் நட் இளகியது. டார்ச் அடித்து இரண்டு காதுகளும் விடுபட்டதைப் பார்த்தபின், முக்காலியில் தொங்கிய இன்ஜினை ஒரு கையால் முன்னே தள்ள முடிந்தது. பிளேட் பிளைவீலோடு ஒட்டித்தான் இருந்தது, ரிலீஸ் பேரிங்கைச் சுழற்றினால் மணல் அரைபடும் ஓசை வருகிறது. இவற்றைத் திரும்பப் பூட்டும் முறையையும் சொல்லுங்கள்.

பதில் (தச்சநல்லூர், கார் பணிமனை)

பேரிங்கையும் பிளேட்டையும் புதிதாகவே போடுங்கள். நீரில் ஊறிய பேரிங்கில் கிரீஸ் கழுவப்பட்டிருக்கும், அதை நம்பி மறுபடி இவ்வளவு வேலையைச் செய்ய நேரக்கூடாது. பூட்டும்போது புதுப் பேரிங்கைக் கியர்பாக்ஸின் குழாயில் ஏற்றி, ஃபோர்க்கை அதன் காதுகளில் பொருத்தி, ஷாஃப்டுக்குக் கிரீஸ் தடவிச் செருகிப் பிளக்கை மூடுங்கள். இன்ஜினைச் சேர்த்துப் போல்ட்டுகளை இறுக்கியபின், ஸ்லேவ் சிலிண்டர் தள்ளும் திசைக்கு எதிராக, அதாவது கியர்பாக்ஸ் பக்கமாக, ஃபோர்க்கின் வெளிமுனையை வலுவாக இழுங்கள். பேரிங் முன்னே சென்று பிரஷர் பிளேட்டில் பூட்டிக்கொள்ளும் 'டக்' ஓசை கேட்க வேண்டும். பிறகு எதிர்ப்பக்கம் தள்ளிப் பார்த்தால் டயாபிராமின் விசை கையில் தெரிய வேண்டும். ஃபோர்க் தளர்ந்து ஆடினால் பேரிங் பூட்டவில்லை, ஸ்லேவ் சிலிண்டரை மாட்டாதீர்கள். அதுவரை யாரும் கிளட்ச் பெடலை மிதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஸ்லேவின் பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

கேள்வியாளர்

ஓசை கேட்டது அண்ணாச்சி, அத்தானுக்கும் கேட்டது. ஸ்லேவை மாட்டிப் பெடலை மிதித்ததும் முதல் கியர் விழுந்தது. ஒரு வாரம் ஓட்டிவிட்டுப் பிளக்கின் ஓரத்தில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பார்த்து எழுதுகிறேன்.

பதில் (தச்சநல்லூர், கார் பணிமனை)

அந்த இடத்தில் கியர் எண்ணெய் இராது தம்பி, ஈரம் தென்பட்டால் அது வேறிடத்திலிருந்து வருவது. இன்ஜின் பின்பக்க ஆயில் சீலை முதலில் பாருங்கள்.